காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் இன்னொரு கணினியில் ஏன் ஆக்டிவேட் ஆவதில்லை?

"கடை சிஸ்டத்தில் ஓடுகிறது, வீட்டு லேப்டாப்பில் ஏன் முரண்டு பிடிக்கிறது?" மதுரையில் கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ் டிசைன் செய்பவர்கள் அடிக்கடி கேட்பது இது.

சைன்-இன் வேறு, ஆக்டிவேஷன் வேறு. முதலாவது நீங்கள் யார் என்று சொல்கிறது. இரண்டாவது, உங்கள் லைசென்ஸ் எந்தக் கணினியில் இருக்கிறது என்று நிறுவனத்தின் சர்வரில் பதிகிறது. அதனால்தான் பாஸ்வேர்டு சரியாக இருந்தும் சில நேரம் வேலை நடப்பதில்லை.

நீங்கள் வாங்குவது மென்பொருளை அல்ல. இத்தனை கணினியில் பயன்படுத்தலாம் என்ற அனுமதியை. அடோபியின் தனிநபர் சந்தாவை 2 கணினிகளில் ஆக்டிவேட் செய்யலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் பயன்படுத்தலாம். மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனலில் ஒரே நேரத்தில் 5 கருவிகள் வரை சைன்-இன் செய்யலாம். விண்டோஸ் இன்னும் கறார்: மதர்போர்டை மாற்றினால் அதைப் புதுக் கணினியாகவே எடுத்துக்கொள்ளும்.

டவுன்ஹால் ரோடு லாட்ஜ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சாவியைக் கொடுக்காமல் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டீர்கள். ரூம் காலிதான். ஆனால் லெட்ஜரில் இன்னும் உங்கள் பெயர்! சைன்-அவுட் செய்யாமல் கணினியை ஃபார்மேட் அடிப்பதும் இதே கதைதான். பழைய கணினி செத்தே போயிருந்தால், இணையத்தில் உங்கள் கணக்குப் பக்கத்துக்குப் போய் அதை நீக்கப் பாருங்கள். (சில நிறுவனங்கள் இந்த வசதியைத் தருவதே இல்லை, கஸ்டமர் கேரில் மல்லுக்கட்ட வேண்டியதுதான்.)

அன்இன்ஸ்டால் செய்தாலே லைசென்ஸ் விடுபட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பல மென்பொருள்களில் அப்படி நடப்பதில்லை, முதலில் சைன்-அவுட் அல்லது டீஆக்டிவேட் செய்ய வேண்டும்.