ரீகால் கடிதம் வந்தால் என்ன செய்வது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் கார் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. இதுவரை ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. போன வாரம் கார் நிறுவனத்திடமிருந்து ரீகால் கடிதம், அதாவது குறையுள்ள பாகத்தைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைக்கும் கடிதம் வந்தது. ஓட்டுநர் பக்க ஏர்பேக்கின் இன்ஃப்ளேட்டரை இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். "ஏர்பேக் விளக்கே எரியவில்லை. வண்டியை உள்ளே விட்டால் அது போச்சு, இது போச்சு என்று பில் போடுவார்கள், பேசாமல் இரு" என்கிறார் என் கணவர். போகத்தான் வேண்டுமா?

போக வேண்டும். இந்த வாரமே சர்வீஸ் சென்டரில் தேதி வாங்கிவிடுங்கள்.

முதலில் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டாஷ்போர்டில் இருக்கும் ஏர்பேக் விளக்கு மின் இணைப்பைத்தான் கவனிக்கிறது. வயர் அறுந்தாலோ, சென்சார் பழுதானாலோ எரியும். இன்ஃப்ளேட்டருக்குள் இருக்கும் வேதிப்பொருள் கெட்டுப்போயிருக்கிறதா என்று அதனால் கண்டுபிடிக்க முடியாது. விளக்கு எரியவில்லை என்பதை வைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை ஒதுக்கக் கூடாது.

இன்ஃப்ளேட்டர் என்பது ஸ்டீயரிங்கின் நடுவில், ஏர்பேக் துணிக்குப் பின்னால் இருக்கும் சின்ன உலோகக் குப்பி. வண்டி மோதியதும் அதற்குள் இருக்கும் வேதிப்பொருள் எரிந்து வாயுவாகி, கண் இமைக்கும் நேரத்துக்குள் பையை நிரப்புகிறது. ஜப்பானைச் சேர்ந்த டகாட்டா நிறுவனம் இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பொருள் சேர்க்காமல் செய்யப்பட்ட இன்ஃப்ளேட்டர்களில், புழுக்கமான ஊர்களின் ஈரமும், பகலில் சூடாகி இரவில் ஆறும் மாற்றமும் வருடக்கணக்கில் சேர்ந்து அந்த வேதிப்பொருளைப் பொலபொலவென்று ஆக்கிவிட்டன. அப்படி ஆனது எரிய வேண்டிய வேகத்தைவிட வேகமாக எரியும். குப்பி அந்த அழுத்தத்தைத் தாங்காமல் வெடிக்கும். உலோகத் துண்டுகள் பையைக் கிழித்துக்கொண்டு முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். லேசான மோதல், இறங்கி நடந்து போயிருக்க வேண்டியவர்கள், ஏர்பேக்காலேயே உயிரை விட்டார்கள். அமெரிக்காவில் மட்டும் 20-க்கும் மேற்பட்டவர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

2008-இல் ஹோண்டா சுமார் 4,000 கார்களைத் திரும்ப அழைத்ததில் ஆரம்பித்தது இந்த டகாட்டா ரீகால். கடைசியில் உலகம் முழுவதும் சுமார் 10 கோடி இன்ஃப்ளேட்டர்கள் என்ற அளவுக்குப் போனது. 2017 ஜூனில் டகாட்டா திவாலானதாக அறிவித்தது.

உங்கள் வண்டியில் இருக்கும் பாகத்தை எந்த நிறுவனம் செய்திருந்தாலும் இதில் ஒரு விஷயம் உங்களுக்கும் பொருந்தும். எட்டு வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது ஏர்பேக் விஷயத்தில் தைரியம் தரும் செய்தி இல்லை. அது இதுவரை வேலை செய்ய வேண்டிய நேரமே வரவில்லை, அவ்வளவுதான். அதற்குள் பாகத்துக்கும் எட்டு வயது கூடியிருக்கிறது.

உங்கள் கணவரின் பயத்தையும் நான் தள்ளிவிடவில்லை. பில் விஷயத்தில் கறாராக இருங்கள். ரீகால் வேலைக்கு உதிரிபாகமும் கூலியும் நிறுவனத்தின் பொறுப்பு. வாரண்டி முடிந்திருந்தாலும் சரி, இத்தனை நாள் வெளியே சர்வீஸ் செய்திருந்தாலும் சரி, அதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. வண்டியை ஒப்படைக்கும்போது எழுதும் சீட்டில் கடிதத்தில் இருக்கும் ரீகால் எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அதன் கீழே "வேறு எந்த வேலையும் என் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, பெல்ட் மாற்ற வேண்டும் என்றால், "சரி, எழுதிக் கொடுங்கள், யோசித்துச் சொல்கிறேன்" என்று வாங்கி வந்துவிடலாம்.

வண்டியை எடுக்கும்போது ரீகால் எண், மாற்றிய பாகம், தேதி, ஓடிய கிலோமீட்டர் நான்கும் உள்ள காகிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள். ரூபாய் பூஜ்யம் என்பதால் பில்லே தராமல் அனுப்பிவிடுகிறார்கள். பின்னால் அந்த வேலை நடந்ததற்கு அதுதான் சாட்சி, வண்டியை விற்கும்போதும் கேட்பார்கள்.

கேள்வி: நான் கார் வாங்கியது மூன்றாவது கையில். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. என் வண்டி ரீகாலில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடிதம் நிறுவனத்தின் கணக்கில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். உங்களுடையது முதல் உரிமையாளர் காலி செய்துவிட்டுப் போன வீட்டு வாசலில் கிடக்கலாம். அதனால் கடிதத்துக்காகக் காத்திருக்காதீர்கள், நீங்களே தேடுங்கள். ரீகால் வண்டியோடு வருவது. நீங்கள் எத்தனையாவது உரிமையாளர் என்பது அதில் பிரச்சினையே இல்லை.

தேவைப்படுவது வின் எண் எனப்படும், ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த 17 இலக்க அடையாள எண். பதிவுச் சான்றில் இருக்கும். பெரும்பாலான கார்களில் முன் கண்ணாடியின் கீழ் மூலையில் வெளியிலிருந்தே படிக்கலாம், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் பார்க்கலாம். எழுதும்போது ஒன்று கவனம்: அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யம். நேர்கோடாகத் தெரிந்தால் அது ஒன்று. இதில் தப்பு விட்டுவிட்டு, "அப்படி ஒரு வண்டியே இல்லை" என்று இணையதளம் சொன்னதும் விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

கார் நிறுவனத்தின் தளத்தில் ரீகால் பகுதியில் இந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் நாட்டின் வாகனப் பாதுகாப்புத் துறைக்கும் அப்படி ஒரு தேடல் வசதி இருந்தால் அங்கேயும் பாருங்கள். பக்கத்து வீட்டில் அதே மாடல், அதே வருடம், அவர்களுக்கு ரீகால் இல்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம், யார் கொடுத்த பாகம் என்று பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். இன்று இல்லை என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பழைய கார் வாங்கியவர்கள் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உங்கள் வண்டி முன்பு விபத்தில் சிக்கி ஏர்பேக் மாற்றப்பட்டதா? மாற்றியது உடைத்த வேறொரு காரிலிருந்து கழற்றிய ஏர்பேக்காக இருந்தால், ரீகால் ஆன பாகமே உங்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கலாம். வின் எண் தேடலில் இது தெரியாது. சந்தேகம் இருந்தால் சர்வீஸ் சென்டரில் கழற்றி, பாகத்தின் எண்ணைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்குச் செலவு ஆனாலும் செய்யுங்கள்.

கேள்வி: தேதி கேட்டால் "பாகம் இன்னும் வரவில்லை, மூன்று மாதம் ஆகும்" என்கிறார்கள். அதுவரை ஓட்டலாமா?

கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். எல்லா ரீகாலும் ஒரே மாதிரி இல்லை. "ஓட்ட வேண்டாம்" என்று இருந்தால் ஓட்டவே கூடாது. வண்டியை அவர்கள் செலவில் எடுத்துப்போகவும், மாற்று வண்டி தரவும் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கிடைக்கிறது, கேட்காதவருக்குத் தானாக யாரும் தருவதில்லை.

"கட்டடத்துக்கு வெளியே நிறுத்தவும்" என்று இருந்தால் அது தீப்பிடிக்கும் ஆபத்து. இன்ஜினை அணைத்த பிறகும் பற்றலாம் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள். செவர்லே போல்ட் மின்சாரக் காரின் பேட்டரி ரீகாலில், வெளியே நிறுத்துங்கள், 90 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றாதீர்கள் என்று உரிமையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. இந்த மாதிரி இடைக்கால அறிவுரைகளை ஒரு எழுத்து விடாமல் பின்பற்றுங்கள்.

பயணி பக்க ஏர்பேக் என்றால் பாகம் மாற்றும்வரை முன் இருக்கையில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் சொல்லி ஏர்பேக்கைக் கழற்றிவிடலாம் என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். கழற்றும்போதே விரியக்கூடிய பொருள் அது.

கேள்வி: ஒரு முறை மாற்றிய பாகத்துக்கே மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. தவறுதலாக அனுப்பியிருப்பார்களோ?

பெரும்பாலும் இல்லை. டகாட்டா விஷயத்திலேயே அவசரத்துக்குப் புதிதாக, ஆனால் அதே வகை இன்ஃப்ளேட்டரைப் பொருத்தி அனுப்பிய வண்டிகள் பிறகு மீண்டும் அழைக்கப்பட்டன. போல்ட் காரிலும் முதலில் மென்பொருளை மாற்றினார்கள், அப்படிச் சரிசெய்த கார்களும் தீப்பிடித்த பிறகு 2021-இல் மறுபடி அழைத்தார்கள். கடிதத்தில் ரீகால் எண் வேறாக இருக்கிறதா பாருங்கள். வேறாக இருந்தால் மறுபடியும் போக வேண்டியதுதான்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே என் காரின் இன்ஜின் இரண்டு முறை அணைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் "எல்லாம் நார்மல்" என்கிறார்கள். ரீகாலும் இல்லை. யாரிடம் சொல்வது?

இதை விட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. ஜெனரல் மோட்டார்ஸ் கதையைப் படித்தால் ஏன் என்று புரியும். அவர்களுடைய சில சிறிய கார்களில் சாவி போடும் ஸ்விட்ச் தளர்வாக இருந்தது. கனமான சாவிக்கொத்தோ முழங்கால் இடியோ போதும், ஓடும்போதே சாவி திரும்பிக்கொள்ளும். இன்ஜின் நிற்கும், ஸ்டீயரிங் இறுகும், ஏர்பேக்கும் விரியாது. நிறுவனத்துக்குள் பல வருடமாகத் தெரிந்தும் 2014-இல்தான் அழைத்தார்கள். சுமார் 26 லட்சம் கார்கள். நிறுவனம் அமைத்த நிவாரண நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. நடுவில் அந்த ஸ்விட்சைச் சத்தமில்லாமல் திருத்தியவர்கள் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. அதனால் பழையது எது, புதியது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கே ஆண்டுகள் ஓடிப்போயின.

எனவே ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், வேகம், அப்போது எரிந்த விளக்குகள் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கூட ஒருவர் இருந்தால் டாஷ்போர்டை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டரில் வாயால் சொல்லிவிட்டு வராமல், உங்கள் புகாரை நீங்கள் சொன்ன வார்த்தைகளிலேயே சீட்டில் எழுத வைத்து நகல் வாங்குங்கள். அப்புறம் அந்த நகலோடும் வின் எண்ணோடும் வாகனப் பாதுகாப்புத் துறைக்கு நேரடியாகப் புகார் அனுப்புங்கள். நிறுவனத்துக்கு அனுப்பிய புகார் நிறுவனத்துக்குள்ளேயே இருந்துவிடும். அரசுத் துறையில்தான் ஒரே மாடலைப் பற்றி வெவ்வேறு ஊரிலிருந்து வரும் புகார்கள் ஒரே இடத்தில் சேரும், விசாரணையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இடையில் கைக்காசு போட்டு ஏதாவது பாகம் மாற்றினால் பில்லையும், கழற்றிய பழைய பாகத்தையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் அதே பாகத்துக்கு ரீகால் வந்தால், ஏற்கெனவே செலவழித்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாடு பல நிறுவனங்களில் உண்டு. அதுவரை சாவிக்கொத்தில் கார் சாவியைத் தவிர வேறு எதையும் தொங்கவிடாதீர்கள், வேகமான சாலைகளில் அந்த வண்டியை எடுக்காதீர்கள்.