2018 டூம் ரெய்டர் படத்தில் ஏஞ்சலினா ஜோலியை ஏன் மாற்றினார்கள்?

கதையே மாறியதுதான் காரணம். 2001, 2003 படங்களில் ஜோலி நடித்த நாயகி லாரா கிராஃப்ட், எல்லாம் கற்றுத் தேர்ந்த சாகசக்காரி. முதல் படம் தொடங்கும்போதே ரோபோவோடு மோதுவார். 2018 படமோ, லாராவின் இளமைக்காலத்தைச் சொன்ன 2013 வீடியோ கேமைத் தழுவியது. அதில் அலிசியா விகாண்டரின் லாரா லண்டனில் சைக்கிளில் டெலிவரி வேலை பார்க்கிற பெண். ஜிம்மில் நடக்கும் சண்டையில்கூடத் தோற்றுப்போவார். அப்புறம், சேற்றில் புரண்டு முதன்முதலாக ஒருவனைக் கொல்லும் காட்சியைப் பாருங்கள்: ஜெயித்த பெருமிதம் துளியும் இல்லை, ஆடிப்போய்விடுகிறார். அந்தத் தடுமாற்றத்தை ஜோலியிடம் ரசிகர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். இரண்டு துப்பாக்கியோடு அவர் நின்ற நிற்பு அப்படி மனதில் பதிந்துவிட்டது. விகாண்டரின் உடல்வாகை வைத்துச் சிலர் கிண்டல் செய்தது அநியாயம். இந்த வேடத்துக்காகக் கடுமையாக உடற்பயிற்சி செய்தவர் அவர். என்னைக் கேட்டால், படத்தின் குறை திரைக்கதையில்தான் இருந்தது.