சிம்பொனி கப்பலில் சைவ அம்மா, முழங்கால் வலி

ராயல் கரீபியன் நிறுவனத்தின் சிம்பொனி ஆஃப் தி சீஸ் உல்லாசக் கப்பலில் போகிறோம், அம்மா சுத்த சைவம், முழங்கால் வலி வேறு, சாப்பாட்டுக்கு அலைய வேண்டியிருக்குமா என்று கேட்டிருந்தீர்கள்.

சாப்பாட்டுக் கவலையே வேண்டாம். முதல் நாள் இரவே மெயின் டைனிங் ரூமில் ஹெட் வெயிட்டரிடம் இந்திய சைவம் வேண்டும், முட்டையும் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மெனுவில் இல்லாத பருப்பு, காய்கறிக் கறியெல்லாம் பெரும்பாலும் செய்து தருவார்கள். காரம்தான் நம் நாக்குக்குப் போதாது. சீல் பிரிக்காத ஊறுகாய் பாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும்.

கப்பல் ஏறியதும் ஊரே 16ஆவது தளத்து விண்ட்ஜாமர் பஃபேக்குத்தான் பாயும். தட்டும் கையுமாக இடம் தேடும் கூத்து அம்மாவுக்கு எதற்கு? 5ஆவது தளத்தில் சொரெண்டோஸ் பீட்சா இருக்கிறது, காசு கிடையாது. ஜானி ராக்கெட்ஸ் பர்கர் கடை போன்ற சிலவற்றுக்குத் தனிக் கட்டணம்.

மாலையில் 8ஆவது தளத்து சென்ட்ரல் பார்க் போங்கள். மேலே திறந்த வானம், நிஜச் செடிகள், உட்கார பெஞ்சுகள். நீச்சல் குளத்துப் பாட்டுச் சத்தம் அங்கே தொல்லை செய்யாது.

6ஆவது தளத்தின் பின்முனையில் இருக்கும் அக்வாதியேட்டரில் தண்ணீர் சாகச ஷோ நடக்கும்; அதற்கு ராயல் கரீபியன் ஆப்பில் முன்பதிவு இலவசம். முன்வரிசை மட்டும் வேண்டாம், நனைந்துவிடுவீர்கள். அப்புறம், ஷோ முடிந்ததும் லிஃப்டில் கூட்டம் அள்ளும்; பத்து நிமிடம் உட்கார்ந்திருந்து கிளம்புங்கள்.