அந்தப் பாட்டியின் பெயர் என்ன?

அன்புள்ள ஐயா,

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளை அடுத்த ஆண்டு உடைக்கப் போகிறார்கள். அதற்குள் எல்லாவற்றையும் படமெடுத்துவிட வேண்டும் என்று அலைகிறேன். என்னிடம் இருப்பது பழைய நிக்கான் டி90 கேமரா. லென்ஸ் இரண்டு: 18-55, அப்புறம் ஒரு 50 எம்.எம். 1.8டி. தீமிதிப் படங்கள் எல்லாம் புள்ளி புள்ளியாக வந்திருக்கின்றன. 12 மெகாபிக்சல் இந்தக் காலத்துக்குப் போதுமா? ஷட்டர் திறந்து மூடிய எண்ணிக்கையும் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். ஆறாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சேர்த்து வைத்திருக்கிறேன். நிக்கானின் புதிய இசட் வரிசைக் கேமரா ஒன்று வாங்கிவிடலாமா? நான் எடுத்த சில படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். லயம் உடைபடும்வரையாவது வேண்டாம்.

நண்பர்களின் கிண்டலை விடுங்கள். ஒரு லட்சம் என்பது நிக்கான் அந்த ஷட்டரைச் சோதித்துப் பார்த்த அளவு. அதைத் தாண்டிய மறுநாளே நின்றுவிடாது. ஏ4 அளவில் அச்சிட 12 மெகாபிக்சல் தாராளம். 24க்குப் போனாலும் படத்தின் அகலம் ஒன்றரை மடங்குகூட ஆகாது.

தீமிதிப் படங்களைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. எல்லாமே 18-55இல் எடுத்தவை. அந்த 1.8 லென்ஸைப் பைக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? 50 எம்.எம்.மில் உங்கள் 18-55 உள்ளே விடுவதைவிட அது எட்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் விடும். வெளிச்சம் போதாததால்தான் அந்தப் புள்ளிகள். டி90க்குள் மோட்டார் இருப்பதால் அந்த லென்ஸ் தானே குவிகிறது. இசட் கேமராவில் நிக்கானின் அடாப்டரைப் போட்டாலும் அது குவியாது, கையால்தான் திருப்ப வேண்டும். கையில் இருப்பதைப் பயன்படுத்தாமல் புதிதாக வாங்கக் கிளம்புவது எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. நீங்கள் அனுப்பியதில் ஒரு பாட்டி லயத்து வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் சுவரோரம், பால் வாளிகளைத் தோளில் தூக்கும் காண்டா கம்பு. அருமையான படம், பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே என்ன எழுதியிருக்கிறீர்கள்? 'பால்மரத் தொழிலாளி.' அவ்வளவுதானா? அவருக்குப் பெயர் இல்லையா?

கொஞ்ச காலமாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1948 ஜூன் 16 அன்று உங்கள் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் ஆங்கிலேய அரசு கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அறிவித்த அவசரகாலம் அதிலிருந்துதான் தொடங்கியது. வாக்கர், அலிசன், கிறிஸ்டியன் என்று மூன்று பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. அன்று காலை அதே தோட்டங்களில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கு எடுப்பதற்கு, நின்றுவிட்டுப் பால் வெட்டப் போன நம் ஆட்களின் பெயர்ப் பட்டியலை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. வெள்ளைக்காரன் எழுதவில்லை, சரி. நாமும் எழுதாமல் விட்டால் எப்படி?

என் அம்மாவிடம் ஒரு படம் இருந்தது. ஆபீஸ் முன்னால் பால்வெட்டுப் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகையில் எங்களை எல்லாம் வளர்த்த பெரியம்மா ஒருவரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகமே மங்கிப்போன ஒருத்தியைத் தலைத்துண்டு கட்டியிருந்த விதத்தை வைத்தே யார் என்று சொல்லிவிட்டார். எந்த நிரையில் (மர வரிசையில்) வெட்டினாள், யார் வீட்டு மருமகள், எல்லாம் வந்தது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களை வேலை பெர்மிட் சட்டம் நெருக்கியபோது பினாங்கில் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவளாம் அவள். போகிற அன்று தன் கோழிகளை லயம் முழுக்கப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போனாளாம். படத்தை மட்டும் எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்கு இது தெரிந்திருக்குமா?

அதனால் இந்த வாரமே அந்தப் பாட்டியிடம் போங்கள், கேமரா இல்லாமல். பெயர், அப்பா பெயர், பட்டப்பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து வந்தார், எந்த நிரை, ஆயாக் கொட்டகையில் யார் பார்த்துக்கொண்டார்கள், எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். எடுத்த படங்களையும் காட்டிக் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத முகம் அவருக்குத் தெரியும். பிறகு டிஜிகாம் மாதிரி ஒரு இலவச மென்பொருளில், படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் குறிப்புப் பகுதியில் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். கோப்பை அப்படியே நகலெடுத்தால் பெயரும் கூடப் போகும். வாட்ஸ்அப்பில் வழக்கம்போலப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். குடும்பக் குழுவில் போட்டுவிட்டேன், பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

சேர்த்த பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் அக்காவிடமோ மாமாவிடமோ இருக்கட்டும். படத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அச்சிட்டு, பின்னால் பெயர் எழுதிக் கொடுங்கள். மீதிப் பணம் வங்கியிலேயே கிடக்கட்டும். லயம் காலியான பிறகும் இசட் வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள், எந்த மாடல் என்று அப்போது பேசலாம்.

அன்புடன்