புகை போட்ட மான்தோல் சட்டை மழையில் நனைந்து விறைத்துவிட்டது. எண்ணெய் தடவலாமா?

தடவாதீர்கள். எண்ணெய் தோலின் துளைகளை அடைத்துவிடும், அழுக்கும் ஏறும். மழைக்குத் தப்பிய சட்டையை எண்ணெயில் தொலைத்தவர்கள்தான் அதிகம்.

முதலில் முழங்கைப் பகுதியை இரண்டு கையாலும் கசக்கிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் இளகினால் கவலை இல்லை, முழுச் சட்டையையும் அப்படியே கசக்கினால் போதும். அப்பளம் போல மொடமொடத்தால் புகை போதவில்லை என்று அர்த்தம். இந்தத் தோலை வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் முறையில் மேல்தோலைச் சுரண்டி எடுத்து, விலங்கின் மூளையைக் கரைத்துத் தேய்த்து, காயும்வரை இழுத்து இழுத்தே மென்மையாக்கி, கடைசியில் புகை போடுவார்கள். புகையில் உள்ள ஆல்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள்தான் தோலின் நார்கள் மறுபடி ஒட்டாமல் காக்கின்றன.

புகை போதவில்லையென்றால் சட்டையை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் காயவிடுங்கள். ஹீட்டர் பக்கமே போகாதீர்கள். ஈரத்தோல் சுமார் 60 டிகிரி செல்சியஸில் சுருங்கினால் திரும்பாது. காயக் காயக் குறுக்குவாட்டில் இழுக்க வேண்டும். நீளவாட்டில் இழுத்தால் சட்டைக் கை விரல்நுனியையும் தாண்டிவிடும். தொட்டால் குளிர்ச்சி தெரிகிறவரை உள்ளே ஈரம் இருக்கிறது, இழுப்பதை நிறுத்தாதீர்கள். பிறகு கழுத்தையும் கைகளையும் கட்டி, கீழ்விளிம்பில் பழைய ஜீன்ஸ் துணியைப் பாவாடை போலத் தைத்து, உளுத்த கட்டையின் புகைமேல் தொங்கவிடுங்கள். தீ நாக்கு நீட்டவே கூடாது. உட்புறம் தேன் நிறமானதும் திருப்பிப் போட்டு மறுபக்கம். முடிந்ததும் ஓரிரு நாள் மடித்து வைத்துவிட்டுத் துவையுங்கள்.

"புகை போட்டால் தண்ணீர் ஏறாது" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: ஏறும், பஞ்சு போல ஏறும். காய்ந்தபின் இளகும், அவ்வளவுதான். காற்றுக்கும் உலர்ந்த குளிருக்கும் அருமையான உடை. அடைமழைக்கு மேலே கம்பளி வேண்டும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மஞ்சள் சாயம் போட்ட குரோம் தோலை (குரோமிய உப்பில் பதனிட்டது) "பாரம்பரிய மான்தோல்" என்று விற்கிறார்கள். வெட்டுவிளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் இங்கே சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது. இந்தியாவில் இருந்துகொண்டு அசல் தோல் தேடுபவர்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

துவைத்த சட்டையைக் கொடியில் மாட்டி வைக்காதீர்கள், தன் கனத்திலேயே தொங்கித் தோள் இழுபடும். மடித்து வையுங்கள்.