மூடிய குழி எப்போது வயலாகும்?

கேள்வி: நான் நெய்வேலியை ஒட்டிய ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். நிலக்கரி எடுத்து முடித்த இடங்களை மண்ணால் நிரப்பிச் சமன்படுத்துகிறார்கள். பார்வைக்கு நல்ல நிலம் போலவே இருக்கிறது. அதில் மறுபடியும் நெல் விளையுமா? எத்தனை ஆண்டுகள் ஆகும்?
- ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: விளையும். ஆனால் எத்தனை ஆண்டுகளில் என்பது, குழி எவ்வளவு நிரம்பியது என்பதைவிட, கடைசியாக மேலே போட்ட ஒரு மீட்டர் மண் எது என்பதைப் பொறுத்தது.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி பல இடங்களில் 50 மீட்டருக்கும் கீழே, மணலுக்கும் களிமண்ணுக்கும் மணற்பாறைக்கும் அடியில் கிடக்கிறது. ராட்சத வாளிச் சக்கர இயந்திரங்கள் அந்த மண்ணைப் படிப்படியாக வெட்டியெடுக்க, அது கன்வேயர் பெல்ட்டில் பயணித்து, நிலக்கரி எடுத்து முடித்த மறுபக்கத்தில் கொட்டப்படுகிறது. இங்கே கவனம் தப்பினால் அடுக்கு தலைகீழாகிவிடும். தலைமுறை தலைமுறையாக எருவிட்டு உருவாக்கிய ஒரு சாண் மேல்மண் அடியில் புதைந்துபோக, வெயிலையே பார்த்திராத ஆழத்துக் களிமண் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் களிமண் விஷமன்று. அதில் மக்கும் இல்லை, மண்புழுவும் இல்லை, வேருக்கு உணவு தரும் நுண்ணுயிர்களும் இல்லை என்பதுதான் குறை. (நிலக்கரியை ஒட்டிய கருமண்ணில் கந்தகக் கனிமங்கள் இருந்தால் காற்றும் நீரும் பட்டு அமிலம் உண்டாகக்கூடும் என்பதால், அத்தகைய மண்ணை ஆழத்திலேயே போட்டு மூடிவிட வேண்டும்.)

ஆகவே மேல்மண்ணை முதலிலேயே தனியாக வழித்தெடுக்க வேண்டும். அதை மலைபோலக் குவித்து வைத்தால் உள்ளே காற்றுப் போகாமல் உயிர்கள் மடிந்துவிடும். தாழ்வான குவியலாக வைத்து, கூடிய விரைவில் பரப்புவதே முறை. பரப்பும்போது வேறொரு தொல்லை வரும். கனரக லாரிகளும் புல்டோசர்களும் ஓடி ஓடி மண்ணை இறுக்கிவிடுகின்றன. இதை நீங்களே பார்த்துவிடலாம். நிரப்பிய நிலத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் அப்படியே நின்றால் அடியில் இறுகிய தட்டு இருக்கிறது, அதை உடைக்க உளிக்கலப்பை ஓட்டியாக வேண்டும். ஊற்றிய சற்று நேரத்தில் சுவடே இல்லாமல் வடிந்துவிட்டால் மண் இன்னும் படியவில்லை. குழியின் பக்கச் சுவரில் பழைய வேர்த் துணுக்குகளும் கருமை கலந்த மண்ணும் தென்பட்டால், மேல்மண் உண்மையாகவே திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம்.

அதன்பிறகு பொறுமை வேண்டும். ஜெர்மனியின் ரைன்லாந்து பகுதியில், பழுப்பு நிலக்கரி எடுத்த நிலத்தின்மேல் காற்று கொண்டுவந்து படியவைத்த வளமான வண்டல் மண்ணைக் கனமாகப் பரப்பிய பின்னும், அதை உடனே விவசாயிகளிடம் ஒப்படைப்பதில்லை; முதலில் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் குதிரைமசால் என்ற தீவனப் பயிரை விதைத்து, மொத்தம் ஏழு ஆண்டுகள் சுரங்க நிறுவனமே பயிர்செய்து மண்ணைப் பழக்குகிறது. அத்தகைய வண்டல் நம்மிடம் இல்லாதபோது, இரண்டே ஆண்டில் நெல் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நம் ஊரில் குதிரைமசாலின் வேலையைத் தக்கைப்பூண்டும் சணப்பையும் செய்யும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, தொழுவுரமும் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். தேக்கிய நீர் நிற்கும் சேற்றுப்படுகையும் ஒரே மட்டமும் நெல்லுக்குத் தேவை. புதிதாக நிரப்பிய நிலமோ அங்கங்கே இறங்கி, கட்டிய வரப்பைக் கோணலாக்கிவிடும். நானாக இருந்தால் முதலில் வரகு, கம்பு, பண்ருட்டிப் பக்கத்துக்கே உரிய முந்திரி என்று தொடங்கி, நெல்லைக் கடைசியில்தான் வைப்பேன்.

கேள்வி: தோண்டிய மண்ணைத் திருப்பிப் போட்டால் குழி நிறைந்துவிட வேண்டுமே! பிறகு ஏன் ஒருபக்கம் மண்மலையும் மறுபக்கம் பெரும் பள்ளமும் மிஞ்சுகின்றன?
- ஒரு வாசகி, விருத்தாசலம்

பதில்: பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். மேலே 70 மீட்டர் மண், அடியில் 15 மீட்டர் நிலக்கரி. வெட்டிய மண் உதிர்ந்து பருக்கும். கொட்டிய பின் படிந்தாலும் பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது. பத்தில் ஒரு பங்கு பருமன் நிலைத்தால் 70 மீட்டர் 77 ஆகும். பள்ளமோ 85 மீட்டர். மீதி 8 மீட்டர் தாழ்வு, அவ்வளவுதான். மண்மலைக்கும் பெரும்பள்ளத்துக்கும் காரணம் வேறு: முதன்முதலில் வெட்டும்போது உள்ளே கொட்ட இடமில்லாததால் அந்த மண் வெளியே குவிகிறது, கடைசி வெட்டுக்குப் போட மண் மிஞ்சுவதில்லை. வெளியே குவித்ததை மறுபடி அள்ளிவந்து நிரப்பப் பெருஞ்செலவாகும் என்பதால், கடைசிப் பள்ளத்தை நீர்த்தேக்கமாக்குவதே பெரும்பாலும் நடக்கிறது.

அதுவும் விளையாட்டில்லை. ஜெர்மனியின் நாக்டெர்ஸ்டெட் ஊரில், பழைய சுரங்கப் பள்ளத்தில் நீர் நிரம்பி உருவான ஏரியின் கரை 2009 ஜூலையில் வீடுகளோடு சரிந்து மூன்று பேர் இறந்தனர். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர் மேல்நோக்கி அழுத்துவதால், சுரங்கம் நடக்க இரவும் பகலும் நீரை இறைத்தாக வேண்டும். இறைப்பு நின்றபின் நீர்மட்டம் ஏறும், தளர்ந்த மண் ஊறும். சரிவுகளைத் தணிவாக அமைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வடிகாலும் புல்லும் போடாவிட்டால், ஒரே மழையில் மண்மேட்டின் முகத்தில் ஆள் இறங்கும் அளவுக்கு ஓடை விழுந்துவிடும்.

கேள்வி: வேலை முடிந்ததும் நிறுவனம் கைவிட்டுவிட்டால் யார் பொறுப்பு?
- ஒரு வாசகர், சிதம்பரம்

பதில்: அதற்காகத்தான் முன்பணம். மத்திய நிலக்கரி அமைச்சகம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்ற அன்றைய கணக்கில், மூடல் செலவைத் தனி வங்கிக் கணக்கில் செலுத்தச் சொன்னது. செய்த வேலையைக் காட்டியே அதிலிருந்து பணம் பெற முடியும். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் கண்டிப்பானது: பழைய நிலமட்டத்தைப் பெரும்பாலும் மீட்க வேண்டும், அதன்மேல் பசுமை நிலைக்கிறதா என்று குறைந்தது 5 ஆண்டுகள், மழை குறைந்த பகுதிகளில் 10 ஆண்டுகள் பொறுப்பு தொடரும். நம் உச்ச நீதிமன்றமும், சுரங்கப்பணி முடிந்த இடங்களில் புல் வளர்க்கும் நிபந்தனையை விதிக்குமாறு 2020 ஜனவரியில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே திருப்பித் தருவது வேறு விஷயம். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் பகுதிச் சுரங்கத்தின் மூடல் திட்டத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப்பாருங்கள். கிடைத்தால், மரக்கன்றுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மேல்மண் எத்தனை கனமீட்டர் எடுக்கப்பட்டது, எங்கே வைக்கப்பட்டது, எந்த ஆண்டில் பரப்பப்பட்டது என்ற மூன்றையும் முதலில் படியுங்கள்.