கொரியன் டிராமா: எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்? – கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 'ஸ்க்விட் கேம்' தவிர வேறு எந்தக் கொரியன் தொடரும் பார்த்ததில்லை. அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'ஸ்க்விட் கேம்' ஓடிடிக்கென்றே எடுத்தது, முதல் சீசன் 9 எபிசோட். டிவியில் வாராவாரம் ஓடுகிற டிராமா வேறு ரகம். அம்மாவோடு என்றால் 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' (2022, 16 எபிசோட்) போடுங்கள். ஆட்டிசம் உள்ள ஓர் இளம் வக்கீலின் கதை. பெரும்பாலும் எபிசோடுக்கு ஒரு வழக்கு; அதிலேயே தொடங்கி அதிலேயே முடியும். நடுவில் நாலு நாள் விட்டுப்போனாலும் ஒன்றும் ஆகாது. ஈஎன்ஏ என்ற சின்ன சேனலில் 1 சதவீதத்துக்கும் குறைவான ரேட்டிங்கில் ஆரம்பித்து, கடைசி எபிசோடில் 17 சதவீதத்தைத் தாண்டிய தொடர் இது. 3-வது எபிசோட் மட்டும் கொஞ்சம் கனம். அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: ஒரு டிராமா ரொம்பப் பிடித்துப்போய், அதே ஹீரோ நடித்த அடுத்ததைத் தேடிப் போட்டால் சுத்த மொக்கை. ஏன் இப்படி?

நடிகரைப் பார்த்துத் தேடினால் இதுதான் நடக்கும். எழுத்தாளரைப் பார்த்துத் தேடுங்கள். கொரியாவில் 16 எபிசோடையும் பெரும்பாலும் ஒருவரே எழுதுகிறார். வசனம், வேகம், எங்கே சிரிக்க வைப்பது, எங்கே அழ வைப்பது எல்லாம் அவர் கையில். அங்கே எழுத்தாளர் பெயருக்காகவே சேனல்கள் போட்டி போடும்.

'மை மிஸ்டர்' (2018) பிடித்திருந்தால் அதை எழுதிய பார்க் ஹே-யங்கின் 'மை லிபரேஷன் நோட்ஸ்' (2022) உங்களுக்கு ஒத்துவரும். அதே களைப்பு, அதே குறைந்த பேச்சு. 'வென் தி கமீலியா ப்ளூம்ஸ்' (2019) பிடித்தவர்கள் லிம் சாங்-சூன் எழுதிய 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' (2025) பார்க்கலாம். 'சிக்னல்' பார்த்தவர்களுக்கு அதே கிம் உன்-ஹீயின் 'கிங்டம்'. ஜோம்பி கதை என்று ஒதுக்க வேண்டாம். பசியும் அதிகாரமும்தான் உள்ளே இருக்கும் விஷயம்.

எழுத்தாளருக்கு அடுத்து இயக்குநர். கிம் வொன்-சோக் என்ற பெயரைக் குறித்து வையுங்கள்: 'மிசெங்', 'சிக்னல்', 'மை மிஸ்டர்', 'டேஞ்சரின்ஸ்' நான்கும் அவர் கை. ஹீரோ மூன்றாவது இடம்தான்.

கேள்வி: எல்லாமே 16 எபிசோட் என்கிறார்கள். 'வைல் யூ வேர் ஸ்லீப்பிங்' ஓரிடத்தில் 16, இன்னோரிடத்தில் 32 என்று காட்டுகிறதே? பாதியை வெட்டிவிட்டார்களா?

வெட்டவில்லை. வாரத்துக்கு இரண்டு எபிசோட், எட்டு வாரம், மொத்தம் 16 என்பதுதான் வழக்கமான கணக்கு. ஒன்று 60 முதல் 70 நிமிடம்.

32 ஆனது விளம்பரத்தால். கேபிஎஸ், எம்பிசி, எஸ்பிஎஸ் ஆகிய மூன்று பழைய சேனல்களும் நிகழ்ச்சிக்கு நடுவில் விளம்பரம் போடக் கூடாது என்று தடை இருந்தது. கேபிள் சேனல்களுக்கு அந்தத் தடை இல்லை. அதனால் 2017 வாக்கில் ஒரு எபிசோடையே இரண்டாக உடைத்து, 'முதல் எபிசோட் முடிந்தது' என்று சொல்லி விளம்பரம் போட்டு, உடனே 'இரண்டாவது எபிசோட்' ஓட்டினார்கள். 2021 ஜூலையில் தடை நீங்கியது. இந்தக் கூத்தும் நின்றது. 35 நிமிட எபிசோட் திடீரென்று பாதியில் நின்றால் அது முழு எபிசோட் இல்லை, அடுத்ததையும் சேர்த்துப் பாருங்கள்.

50 எபிசோட் என்றிருந்தால் அது வாரக் கடைசியில் ஓடும் குடும்பத் தொடர். நூறைத் தாண்டினால் தினசரித் தொடர். அதை நம்மூர் மெகா சீரியல் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 10 எபிசோட் வரை பறக்கிறது, அப்புறம் இழுவை. 14-ல் காரணமே இல்லாமல் பிரிகிறார்கள். இது எல்லா டிராமாவிலும் இருக்கிறதே?

காதல் கதைகளில் இருக்கும். கதைக்கான முடிச்சு 12 எபிசோடுக்குத்தான் போதும், விற்ற கணக்கோ 16. அந்த இடைவெளியை நிரப்பத்தான் பழைய காதலி, பெரிய குடும்பத்து அம்மா, வெளிநாட்டு வேலை எல்லாம் வந்து நிற்கும்.

பழைய தொடர்களில் இன்னொரு காரணமும் உண்டு. முதல் சில எபிசோடை மட்டும் முன்கூட்டியே எடுத்துவிட்டு, மீதியை ஒளிபரப்பு ஓடும்போதே எடுத்துக்கொண்டிருப்பார்கள். காட்சித் தாள் அன்றைக்குக் காலையில் வரும், மாலையில் ஷூட்டிங், ராத்திரி எடிட்டிங். பிற்பாதியில் பழைய காட்சிகளையே நினைவாகத் திரும்பத் திரும்பக் காட்டினால், எடுத்த காட்சி போதவில்லை என்று அர்த்தம். 2016-ல் 'டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்' முழுக்க எடுத்து முடித்த பிறகே ஒளிபரப்பானது. 2018-ல் வாரத்துக்கு 52 மணி நேர வேலைச் சட்டம் வந்த பிறகு அந்தப் பழைய முறை படிப்படியாகக் குறைந்தது. இப்போது 12 எபிசோட் தொடர்கள் அதிகமாகியிருக்கின்றன; நல்லதுதான்.

வழி என்ன? ஒரு தொடருக்கு 4 எபிசோட் கொடுங்கள், அதாவது இரண்டு வாரத்துச் சரக்கு. அதற்குள் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். 12 வரை வந்துவிட்டால் 13, 14-ஐ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள், 15-ல் பழைய வேகத்துக்கு வாருங்கள்.

கேள்வி: எல்லோரும் 'ரிப்ளை 1988' ஆஹா ஓஹோ என்கிறார்கள். ஒரு எபிசோட் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லை. எதை நான் தவற விடுகிறேன்?

நடந்தது, நீங்கள் கதையில் தேடினீர்கள், அது சாப்பாட்டுத் தட்டில் நடந்தது. முதல் எபிசோடை மறுபடி போட்டு இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள்.

ஒன்று, சாயங்காலச் சாப்பாட்டு நேரம். சியோல், சங்முன்-தோங் தெரு. ஒரு வீட்டு அம்மா செய்த பதார்த்தத்தைப் பிள்ளையிடம் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்புகிறாள்; அங்கிருந்து வேறொன்று திரும்பி வருகிறது; அதற்குள் இன்னொரு வீட்டுப் பிள்ளை இன்னொரு கிண்ணத்தோடு குறுக்கே வருகிறான். கடைசியில் எல்லா வீட்டு மேசையிலும் எல்லா வீட்டுச் சமையலும் இருக்கும். ஐந்து குடும்பங்களில் யாரிடம் காசு இருக்கிறது, யார் தனியாக இருக்கிறார், யாருக்குச் சமைக்க வராது எல்லாவற்றையும் அந்தச் சில நிமிடங்களில் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டு, முட்டை. அக்காவுக்கும் தம்பிக்கும் பொரித்த முட்டை, நடுப்பிள்ளை தோக்-சொன்னுக்கு இல்லை. அவள் பிறந்தநாளும் அக்காவின் கேக்கிலேயே முடிந்துவிடும். அந்த வருஷம் அவள் வெடிக்கிறாள். பிறகு அப்பா ராத்திரி தெருவில் தனியாக ஒரு கேக்கோடு வந்து நிற்பார். அந்தக் காட்சி உங்களை ஒன்றும் செய்யவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானதில்லை, தாராளமாக விடுங்கள்.

இயக்குநர் ஷின் வொன்-ஹோவும் எழுத்தாளர் லீ வூ-ஜங்கும் டிவி பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளிலிருந்து வந்தவர்கள். அசடு வழியும்போது ஆடு கத்துகிற சத்தம், ஒரே விஷயத்தை முதலில் ஒரு கோணத்தில் காட்டிப் பிறகு மறைத்த பாதியைக் காட்டுவது எல்லாம் அங்கே பழகிய கை. 'நாயகியின் கணவன் யார்' என்ற புதிரை கடைசிவரை இழுப்பதும் அந்தப் பழக்கம்தான். அந்தப் புதிருக்காகப் பார்த்தவர்கள்தான் பாதிப் பேர் கோபத்தோடு முடித்தார்கள். பெற்றோர் கதைக்காகப் பாருங்கள். 20 எபிசோட், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி: அதே தொடரில் அப்பா வங்கியில் வேலை பார்க்கிறார், ஆனால் பாதாள வீட்டில் குடியிருக்கிறார்கள். மற்ற டிராமாக்களில் ஏழைகள் மொட்டை மாடியில் இருக்கிறார்கள். வாடகைக் கணக்கே புரியவில்லை.

அவர் நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர், அதனால் சம்பளம் கடனுக்குப் போகிறது. மேல்வீட்டுக் குடும்பமோ மூத்த மகன் வாங்கிய லாட்டரியில் மேலே வந்தது.

கொரியாவில் 'ஜொன்சே' என்று ஒரு முறை உண்டு. வீட்டு விலையில் பாதிக்கு மேல்கூட முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும், மாத வாடகை கிடையாது, பொதுவாக இரண்டு வருஷ ஒப்பந்தம், காலி செய்யும்போது முழுப்பணமும் திரும்ப வரும். நம்மூரில் வீட்டை ஒத்திக்கு எடுப்பது போலத்தான். 'வொல்சே' என்றால் அட்வான்ஸும் மாத வாடகையும். டிராமாவில் ஒருவர் 'ஜொன்சே பணம் போச்சு' என்று அழுதால் போனது மாத வாடகை இல்லை, வாழ்நாள் சேமிப்பு.

மொட்டை மாடி அறை கோடையில் கொதிக்கும், குளிரில் உறையும், அதனால் மலிவு. திரையில் விளக்குச் சரம் தொங்கவிட்டு அழகாகக் காட்டுவது கேமராக்காரர் தயவு.

கேள்வி: 'சிக்னல்' பாதியில் குழம்பிவிட்டேன். அது உண்மைச் சம்பவமா?

முதலில் விதிகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு 11:23-க்கு ஒரு பழைய வாக்கி-டாக்கி உயிர்பெறுகிறது. இந்தப் பக்கம் 2015-ல் ஒரு போலீஸ்காரர், அந்தப் பக்கம் பழைய காலத்து டிடெக்டிவ். அங்கே ஒன்றை மாற்றினால் இங்கே கோப்புகள், செத்தவர், உயிரோடிருப்பவர் எல்லாம் மாறிவிடும். பழைய நிலவரம் வாக்கி-டாக்கியில் பேசியவருக்கு மட்டும் நினைவிருக்கும். இன்னொரு சிக்கல், இரண்டு பக்கமும் காலம் ஒரே மாதிரி நகராது. ஒவ்வொரு பேச்சிலும் அந்தப் பக்கம் எந்த வருஷம் என்பதை மட்டும் கவனித்தால் குழப்பம் பாதி தீரும்.

உண்மை? தொடர் கொலைகள் பகுதிக்கு மூலம் 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த கொலைகள். அப்போது கொலை வழக்குக்கு 15 ஆண்டுதான் காலக்கெடு. கடைசிக் கொலைக்கான கெடு 2006-ல் முடிந்துவிட்டது. தொடரில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விசாரிக்கிறார்களே, அந்தப் பதற்றம் அங்கிருந்து வருவது. கொலைக்குக் காலக்கெடுவே இல்லை என்று சட்டம் மாறியது 2015-ல். தொடர் ஒளிபரப்பானது 2016-ல். அப்போது கொலையாளி யாரென்று யாருக்கும் தெரியாது. 2019-ல் டிஎன்ஏ மூலம் ஆள் தெரிந்தது: வேறொரு கொலைக்காக 1994 முதல் ஏற்கெனவே சிறையில் இருந்தவன். பழைய கொலைகளுக்காக அவன்மேல் வழக்குப் போட முடியவில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தொடர் வேறு மாதிரி உறைக்கும்.

கேள்வி: புதுயுகம் டிவி காலத்திலிருந்து டப்பிங்தான் பார்க்கிறேன். சப்டைட்டிலில் அப்படி என்ன கூடுதலாகக் கிடைக்கும்?

முதலில் டப்பிங்கிலேயே பாருங்கள், தப்பில்லை. ஆனால் காதல் கதைக்கும் அலுவலகக் கதைக்கும் கொரியன் ஒலியை வையுங்கள். மரியாதையாகப் பேசும்போது வாக்கிய முடிவில் 'யோ' கேட்கும். அது விழுந்துபோனால் 'நீங்க' 'நீ' ஆகிவிட்டது என்று பொருள். ஆங்கில சப்டைட்டிலில் இரண்டும் ஒன்றுதான். பெரியவர் முன் தலையைத் திருப்பிக்கொண்டு சோஜு (கொரிய மது) குடிப்பது, இரண்டு கையாலும் ஊற்றுவது ஆகியவற்றையும் கவனியுங்கள். ஒருவன் மேலாளருக்கு ஒற்றைக் கையால் ஊற்றினால் அங்கே சண்டை ஆரம்பித்தாயிற்று.

கேள்வி: கத்தியை மங்கலாக்குகிறார்கள், ஆனால் சப்வே சாண்ட்விச்சைப் பளிச்சென்று காட்டுகிறார்களே?

டிவியில் ஓடும் தொடர்களில் கத்தி, சிகரெட் மங்கலாகும். காசு கொடுக்காத பிராண்டும் மறைக்கப்படும். காசு கொடுத்தது பளிச். 2010 முதல் தொடருக்குள்ளே பொருள் காட்டுவது சட்டப்படி அனுமதி. 'வின்சென்சோ'வில் கோபிகோ மிட்டாய் வருவது இப்படித்தான். ஓடிடிக்கென்றே எடுத்த தொடர்களில் அந்த மங்கல் இருக்காது.

கேள்வி: 'டே ஜாங் கும்' 54 எபிசோட். அரசர் கால வரலாறு தெரியாமல் பார்க்க முடியுமா?

முடியும். ஜோசன் என்ற அரச வம்சத்தின் காலம், மன்னர் ஜுங்ஜோங் என்பது தெரிந்தால் போதும். அரச ஆவணத்தில் ஜாங்-கும் என்ற பெண் மருத்துவர் பற்றிச் சில குறிப்புகளே உண்டு, மீதி கற்பனை. முதல் பாதி அரண்மனைச் சமையலறை, பின்பாதி மருத்துவம். மருத்துவம் கொஞ்சம் நீளம்தான்.

சமையல் பகுதியில் தண்ணீர்க் காட்சியைத் தவற விடாதீர்கள். சமையலறையில் பயிற்சி தரும் ஹான் அம்மையார் சிறுமி ஜாங்-கும்மிடம் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். எதைக் கொண்டுவந்தாலும் இது இல்லை என்கிறார். ஒருநாள் சிறுமி தண்ணீர் எடுக்கப் போவதற்கு முன், வயிறு வலிக்கிறதா, தொண்டை கரகரக்கிறதா என்று கேட்டுவிட்டு, வெதுவெதுப்பான நீரில் துளி உப்புப் போட்டு, மெதுவாகக் குடியுங்கள் என்று கொடுக்கிறாள். சமையல்காரி பிற்பாடு மருத்துவர் ஆவதற்கான விதை அங்கேயே விழுந்துவிடுகிறது.

கேள்வி: காதலே இல்லாமல் ஏதாவது?

'மிசெங்' (2014), 'ஸ்ட்ரேஞ்சர்' (2017). முதலாவது அலுவலகம், இரண்டாவது ஊழல் விசாரணை. இரண்டிலும் வேலைதான் கதை.

கேள்வி: 'க்ராஷ் லேண்டிங் ஆன் யூ'வில் வட கொரியா நிஜமாகவே அப்படித்தானா? சில இடங்களில் நாயகனும் நாயகியும் முன்பே சந்தித்த மாதிரி பேசுகிறார்கள், எனக்கு அந்தக் காட்சியே வரவில்லை.

எழுத்துக் குழுவில் வட கொரியாவிலிருந்து தப்பி வந்த ஒருவர் இருந்தார். மின்வெட்டு, சந்தையில் ஒளித்து விற்கும் தென்கொரியப் பொருட்கள், வீட்டை ஒட்டுக்கேட்பவர், கரண்ட் இல்லாமல் ரயில் வயல்வெளியில் நின்றுபோய் பயணிகள் தீ மூட்டி உட்காருவது எல்லாம் அந்த வழி வந்த விவரங்கள். அந்த ரயில் காட்சிகள் எடுத்தது மங்கோலியாவில். நாயகனான ராணுவ அதிகாரி அத்தனை அழகாக இருப்பது மட்டும் கற்பனைக் கணக்கு.

சந்தித்த காட்சி வராததற்குக் காரணம் உங்கள் ரிமோட். பார்க் ஜி-உன் எழுதும் தொடர்களில் எபிசோட் முடிந்த மாதிரி இருந்தபின் ஒரு குட்டிக் காட்சி வைப்பார். சுவிட்சர்லாந்தில் நடந்த பழைய விஷயங்கள் இந்தத் தொடரில் பெரும்பாலும் அங்கேதான் வெளிப்படும். 'அடுத்த எபிசோட்' பட்டன் தோன்றியதும் தட்டினால் அது போய்விடும். செட்டிங்கில் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு, பார்த்த எபிசோடுகளின் கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் ஓட்டிப் பாருங்கள். அவரே எழுதிய 'குயின் ஆஃப் டியர்ஸ்' (2024) பார்க்கும்போதும் இதேதான்.